பட்டன் போடத் தெரியாதவன்

சிறப்புக் கல்வித் துறையில் உதவிப் பேராசிரியர் வேலைக்கான நேர்காணலின் கடைசிச் சுற்று அது. எதிரே உட்கார்ந்திருந்த இயந்திரச் சிறுவனுக்கு ஹெப்சிபா சட்டைப் பட்டன் போடக் கற்றுத்தர வேண்டும்.

அவன் பட்டனைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். ஹெப்சிபாவின் மகன் ஜெபினும் அப்படித்தான் செய்வான். சிறப்புக் குழந்தைகளின் பயிற்சி மையத்தில், இதுபோன்ற இயந்திரச் சிறுவர்களுக்கு மாதிரியாக அவனைப் படமெடுக்க அவள்தான் சம்மதம் கொடுத்திருந்தாள். பட்டன் போடப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான்.

அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பட்டன் துளைக்குள் நுழைந்தது. சிறுவன் சட்டை நுனியை அவள் மூக்கருகே நீட்டினான். ஜெபின் அம்மாவுக்கு மட்டும்தான் அப்படி முகரக் கொடுப்பான்.

“இதுவரைக்கும் யாராலயும் இவனைப் பட்டன் போட வைக்க முடியல. வேலை உங்களுக்குத்தான்,” என்றார் துறைத்தலைவர் சங்கரவடிவு. பிறகு உதவியாளரிடம், “இவனைப் பழையபடி ஆக்கிருங்க. பேருக்கு இன்னும் ரெண்டு பேரைப் பாக்கணும்,” என்றார்.

“மேடம், இன்னைக்குப் படிச்சது மட்டும் அவன்கிட்ட இருக்கட்டுமே,” என்றாள் ஹெப்சிபா.

“அது எப்படிம்மா? டீச்சருக்குப் படிக்கிற பிள்ளைங்க சொல்லிக்குடுத்துப் பழகணும்னா இவன் தெரியாதவனாவே இருக்கணும்ல. நீங்களும் தினம் முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.”

உதவியாளர் பட்டனைக் கழற்றிவிட்டு, சிறுவனின் பிடரியைத் தொட்டார். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

ஹெப்சிபா முகர்வதற்காகக் குனிந்தாள். அவன் பட்டனை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, வேற்றாளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.