நின்றுகொண்டே குடிக்கும் கார்

"குழந்தைங்க ரெண்டு. இதுல சீட்டும் ரெண்டு. அப்ப வண்டிய யாரு ஓட்டுறது, நம்ம நாலு வயசு மார்லேயா?"

ஃபோல்கர் அந்த மஞ்சள் கார்வெட்டை வாங்கி வந்த அன்று அவன் மனைவி சில்கே கேட்ட முதல் கேள்வி இது.

பள்ளிக்கூட நாளில் படுக்கைக்கு மேலே படம் ஒட்டி வைத்து ஆசைப்பட்ட அமெரிக்கக் கார். முப்பத்தெட்டு வயதில், ஹாலந்துக்காரர் ஒருவர் ஓட்டிப் பழசாக்கிய பிறகுதான் கைக்கு எட்டியது. அந்த மனிதர் பனைமர உயரம். அவர் தலை உரசி உரசியே கூரைத் துணி பளபளவென்று ஆகியிருந்தது. ஃபோல்கரும் உயரத்தில் அவருக்குச் சளைத்தவன் இல்லை.

"வருஷத்துல பாதி நாள் போர்வைக்குள்ள தூங்குது. மீதி நாள் பெட்ரோல் குடிக்குது. இதுக்குப் பேரு காரா?" என்பாள் சில்கே.

பெட்ரோல் விஷயத்தில் ஃபோல்கருக்கே ஒரு சந்தேகம். ஞாயிறு நிரப்பி வைத்தால் அடுத்த ஞாயிறு முள் இறங்கியிருக்கிறது. வாரம் முழுக்க அவன் வேலைக்குப் போவது வீட்டுக் காரில். இது கொட்டகையை விட்டு நகர்வதே இல்லை.

"அமெரிக்கக் கார் அப்படித்தான் போல. நின்னுக்கிட்டே குடிக்குது" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வான்.

"நல்லா குடிக்கும்!" என்று சில்கே பாத்திரம் துலக்கப் போய்விடுவாள்.

இது போதாதென்று எதிர்வீட்டுக் கெம்லரம்மா. எழுபத்தாறு வயது. ஜன்னலில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றிவிட்டால், தெருவில் ஒரு பூனை அவர் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிறு மதியம் ஃபோல்கர் சாவியைத் திருப்புவான். எதிரே ஜன்னல் கண்ணாடி அதிரும். உடனே ஆரம்பிப்பார்.

"ஞாயித்துக்கிழமை புல்லு வெட்டுற மெஷினைக்கூட யாரும் தொடக் கூடாதுன்னு சட்டம்! நீ என்னடான்னா தெருவுல சிங்கத்த அவுத்து விடுற!"

போன ஞாயிறும் இதே கச்சேரி. ஃபோல்கர் வண்டியைத் திரும்பக் கொட்டகையில் விட்டு உள்ளே வந்தான். அடுப்படியில் சில்கே வழக்கம்போலச் சொன்னாள்:

"பேசாம வித்துத் தொலை."

இந்தத் தடவை ஃபோல்கர் சிரிக்கவில்லை.

"சரி, வித்துடறேன். வீட்டுலயும் திட்டு, தெருவுலயும் திட்டு. எனக்கும் போதும்னு ஆயிடுச்சு."

சில்கேயின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

சனிக்கிழமை காலை, பக்கத்து ஊரிலிருந்து ஒரு மீசைக்காரர் கார் பார்க்க வந்தார். கண்ணாடி போல முகம் தெரிகிற அளவுக்கு ஃபோல்கர் துடைத்து வைத்திருந்தான். மீசைக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். இன்ஜின் மூடியைத் தொட்டார், பெருமூச்சு விட்டார். பிடித்துப்போய்விட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஃபோல்கர் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

சில்கே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"மழை பெஞ்சா இடப்பக்கம் ஒழுகும்" என்றாள்.

"சில்கே!"

"மேட்டுல ஏறுனா அடி தட்டும். திரும்புறப்போ 'கிர்ர்'னு ஒரு சத்தம். வயசானவங்க ஏறுனா எறங்க ரெண்டு பேரு வேணும்."

ஃபோல்கர் அவளை ஓரமாக இழுத்தான். "விக்கச் சொன்னதும் நீ. இப்ப கெடுக்கிறதும் நீயா?"

"வாங்குறவருக்கு உள்ளதைச் சொல்ல வேணாமா?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு.

மீசைக்காரர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து, காலை நீட்டி, ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். கதவில் ஒன்று, இரண்டு என்று போட்ட பொத்தான்கள்.

"இது என்னங்க?"

"ஓட்டுறவங்க உயரத்த ஞாபகம் வச்சு சீட்டு தானா நகரும். ஒண்ணு என்னோடது. ரெண்டு சும்மாதான்…"

மீசைக்காரர் இரண்டை அமுக்கினார்.

சீட்டு 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு முன்னால் போனது. இன்னும் போனது. அப்புறம் மேலே எழும்பியது. மீசைக்காரரின் முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது, தலை கூரையில் இடித்தது. "ஐயோ, நிறுத்துங்க!" என்று அலறினார். பக்கக் கண்ணாடிகூடத் தானாக முகம் திருப்பி, ஒரு குள்ளமான ஆளைத் தேடியது.

ஃபோல்கர் யோசித்தான். தான் இல்லை. ஹாலந்துக்காரரா? அவர் பனைமரம்.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். அவன் நெஞ்சு உயரம்கூட இல்லாத சில்கே, வானத்தில் மேகம் எத்தனை என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"சில்கே… நின்னுக்கிட்டே குடிக்குதுன்னு நான் சொன்னப்பல்லாம்…"

"இத்தனை நாள் திட்டின வாயால சாவி குடுன்னு எப்படிக் கேக்குறதாம்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. தலையணையும் தயார், முழங்கையும் தயார்.

"ஃபோல்கர்! அந்த மீசைய எறங்கச் சொல்லு! ஊருக்கு வந்துட்டிருந்த பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க. வித்துட்டா, வியாழக்கிழமை என் முழங்காலுக்கு வெந்நீர்க் குளத்துக்கு சில்கே என்னை எதுல கூட்டிட்டுப் போவா?"

"கெம்லரம்மா! சத்தம் தாங்கலைன்னு வாரா வாரம் கத்துனது நீங்கதானே?"

"அது ஞாயித்துக்கிழமை சத்தம்! அன்னிக்கு ஆண்டவர் ஓய்வெடுக்கிறார். வியாழக்கிழமை அவரும் முழிச்சுக்கிட்டுத்தானே இருப்பார்? அதான் ஊரைத் தாண்டினதும், 'இன்னும் கொஞ்சம் அமுக்கு'ன்னு நானே சொல்றேன்!"