தூவே சுட்ட கேக்

“கடவுச்சொல்லையெல்லாம் பூட்டி வைக்கிற கம்ப்யூட்டர் பெட்டியா, கெட்ட ஃபைலைத் தடுக்கிற காவல் மென்பொருளா? இந்த வருஷம் ஒண்ணுதான் வாங்க முடியும். திருடன் எந்த வழியா வந்தான்னு தெரிஞ்சாத்தான் எது வேணும்னு முடிவு பண்ணலாம்,” என்றாள் லிஸ்பெத்.

ஓடன்ஸே ஊரில் ஜன்னல் செய்கிற சின்னப் பட்டறை அது. அவள்தான் முதலாளி. போன வாரம் பட்டறையின் பேரில் வாடிக்கையாளருக்கெல்லாம் எவனோ பொய் மெயில் அனுப்பிவிட்டான்.

எதிரே நின்றது இரண்டு பேர். பல வருஷமாகக் கணக்குப் பார்க்கும் தூவே. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத டிட்டே.

“ஒண்ணு, யாரோ கடவுச்சொல்லைத் தூக்கிக் குடுத்திருக்கீங்க. இல்லே, கண்ட ஃபைலையும் திறந்திருக்கீங்க.” லிஸ்பெத்தின் பார்வை டிட்டே மேலேயே நின்றது.

“நான் எதுவும் பண்ணலீங்க.”

“வர்ற மெயிலைப் பாக்கறது நீதானே? தப்புப் பண்ணினவங்க கேக் கொண்டுவந்து ஒத்துக்கறதுதான் இங்கே வழக்கம். இத்தனை நாளாச்சு, ஒரு பிஸ்கட்டைக்கூடக் காணோம். மறைக்கிற ஆள் எனக்கு வேண்டாம். இந்த வாரத்தோட நின்னுக்கோ.”

மறுநாள் காபி வேளையில், பழுப்புச் சர்க்கரை உருகி வழியும் கேக்கோடு வந்து நின்றாள் தூவே.

“நான்தான்,” என்றாள். “மெயில் கணக்கை மூடப்போறோம்னு ஒரு மெயில் வந்துச்சு. பதறிப்போய் அதுல திறந்த பக்கத்துல கடவுச்சொல்லை அடிச்சுட்டேன்.”

லிஸ்பெத் சிரித்தே விட்டாள். “நீயா? அட, விடு. மனுஷங்கதானே, யாருக்கும் நடக்கும். அந்த ஓரத்துண்டு எனக்கு.”

“அப்போ டிட்டே?”

லிஸ்பெத் நெளிந்தாள். பிறகு எழுந்துபோய் அவளைக் கூப்பிட்டாள். “உன்னைச் சந்தேகப்பட்டது தப்பும்மா. நீ எங்கேயும் போக வேண்டாம். வா, கேக் சாப்பிடு.”

கடவுச்சொல் பெட்டிதான் என்று முடிவாயிற்று. போலிப் பக்கத்தைப் பார்த்தால் அது கடவுச்சொல்லைக் கொடுக்காதாமே.

மதியம் அதைப் பொருத்த வந்த கம்ப்யூட்டர் ஆள் ராஸ்முஸ், லிஸ்பெத்தின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் திரும்பினான்.

“லிஸ்பெத், அந்தப் போலிப் பக்கம் இங்கே திறந்தபடியே கிடக்கே. உங்க பேரைப் போட்டு நன்றி வேற சொல்லியிருக்கான்.”

“அய்யோ… போன்ல பேசிக்கிட்டே ஏதோ ஒண்ணை அடிச்சேன்.” அவள் முகம் செக்கச் சிவந்துவிட்டது. டிட்டே சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

லிஸ்பெத் தூவேயின் கையைப் பிடித்தாள். “நான்தான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அன்னைக்குக் காபி வைக்க வந்தப்போ அந்தப் பக்கத்தைப் பாத்தேன், அப்போ புரியலே, நேத்துதான் புரிஞ்சுது.” தூவே இன்னொரு துண்டை அவள் தட்டில் வைத்தாள். “டிட்டேயை மன்னிக்க உனக்கு மனசு வரலே. என்னை மன்னிச்சா, உன்னையும் சேர்த்து மன்னிச்ச மாதிரி ஆயிடுமேன்னுதான் கேக் சுட்டேன்.”