கொட்டாங்கச்சித் தண்ணீர்

வைக்கோல் லாரியில் அசந்து தூங்கிவிட்ட குளத்துத் தவளை ஒன்று, கண் விழித்தபோது பொட்டல் மணல்காட்டில் கிடந்தது. நாக்கு வறண்டு கிடந்த அதைக் கட்டெறும்புகள் தங்கள் புற்றடிக்கு அழைத்துப் போய், தண்ணீர் வைத்திருந்த கொட்டாங்கச்சியைக் காட்டின.

"முதல்ல நீங்க அண்ணே" என்றது ஒரு பெண் எறும்பு.

குளத்துப் பக்கம் ஒரு மரியாதை உண்டு. விருந்துக்குப் போனால், அந்த வீட்டுத் தண்ணீரில் தொபுக்கடீரென்று குதித்து முங்கி எழ வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். தவளையும் குதித்தது. கொட்டாங்கச்சி கவிழ்ந்தது. அத்தனை தண்ணீரையும் மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

"ஊத்து எங்கே இருக்கு? நான் போய் மொண்டுட்டு வந்துடறேன்" என்றது தவளை.

"ஊத்தா? அது புல்லு புல்லா ஏறிச் சேர்த்த பனித்தண்ணி அண்ணே. அசையாம நில்லுங்க, உங்க முதுகுல இன்னும் கொஞ்சம் இருக்கு."

எறும்புகள் வரிசையாக ஏறின. சின்னதுகள் முதலில், பெரியவர்கள் பிறகு. ஒவ்வொன்றும் லேசாக வாய் வைத்துவிட்டு, அடுத்ததற்கு இடம் விட்டு இறங்கியது. தவளை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. ஓர் ஊரே குடிக்கும் தண்ணீரா தன் முதுகில் இருந்தது!

கடைசியில் அதன் உதட்டோரம் ஒரே ஒரு துளி மிஞ்சியது. பெண் எறும்பு அதைத் தொடாமல் இறங்கியது.

"அது உங்களுக்கு அண்ணே. வந்தவங்களைத் தவிச்ச வாயோட அனுப்பற பழக்கம் எங்களுக்கு இல்ல."

குளத்திலேயே ஊறி வளர்ந்த தவளைக்கு, அந்த ஒரு துளி தொண்டையை விட்டு இறங்க வெகுநேரம் பிடித்தது.