சூடேறினால்தான் தெரியும்

“எரிஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்கண்ணே. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்.”

யுராய்மா கெஞ்சினாள். மெக்கானிக் கிறிசாந்தோ ஸ்பேனரை எடுத்தார். அவள் கணவன் நிக்கானோரின் பழைய படகு மோட்டாரில் மேல்சக்கரத்தைக் கழற்றி எடுத்தார். அடியில் ஸ்டேட்டர் இருந்தது. தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற அந்தக் கம்பிச்சுருள் கெட்டால், நடுக்கடலில் மோட்டார் வெறும் இரும்புதான்.

போன வாரம் அரை மணி நேரம் ஓடி அப்படித்தான் நின்றது. ஒரு பகல் முழுக்க அலையில் கிடந்து வந்தான் நிக்கானோர். அப்படியும் புத்தி வரவில்லை. நாளை விடியலில் இருபது பேரைத் திருட்டுத்தனமாக டிரினிடாட் தீவின் கரையில் இறக்குவதாக, ஆள் கடத்தும் பவுதிலியோவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இந்தக் காற்றில் போன இரண்டு படகுகள் திரும்பவில்லை. மோட்டார் பழுது என்றால் பவுதிலியோ விட்டுவிடுவான். பயம் என்று சொன்னவனை உயிரோடு விட்டதில்லை.

கிறிசாந்தோ மீட்டரின் இரு முனைகளையும் வைத்தார். அளவு சரியாக இருந்தது. “அப்போ நல்லாத்தான் இருக்கா?” என்றாள் அவள்.

“இதை நம்பக்கூடாதும்மா. பழசெல்லாம் ஆறிக் கிடக்கும்போது நல்ல பிள்ளையாட்டம் இருக்கும். சூடேறினாத்தான் வேஷம் கலையும்.”

தன் மனைவியின் தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்துச் சுருளின் மேல் சூடுகாற்றைப் பிடித்தார். மீட்டர் முள் விழ வேண்டும், சுருள் கெட்டிருக்க வேண்டும் என்று தெரிந்த புனிதர்களையெல்லாம் வேண்டிக்கொண்டாள் யுராய்மா. கால் மணி நேரம் ஆயிற்று. முள் லேசாக அசைந்து நல்ல அளவிலேயே நின்றது. கடைசியில் பார்த்தால் வேறொரு ஒயர்தான் தளர்ந்திருந்தது. அதை முறுக்கினால் வேலை முடிந்தது.

அவள் அழுதேவிட்டாள். தடுத்துப் பேசியதற்கு, தான் என்ன பயந்தாங்கொள்ளியா என்று நேற்று நிக்கானோர் சோற்றுத்தட்டைத் தூக்கி எறிந்தானாம். இங்கே வந்தது தெரிந்தால் தொலைத்துவிடுவானாம்.

கிறிசாந்தோ மீட்டரை அணைத்தார்.

“நிஜமாவே கெட்டிருந்தா பொய் சொல்ல வேண்டாமேன்னுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன். எரிஞ்சு போச்சுன்னே சொல்லிடறேன், வீட்டுக்குப் போ. இன்னைக்குக் காலையில மோட்டாரைக் கொண்டாந்து இறக்கிட்டு, நிக்கானோரும் இதையேதாம்மா அழுது கேட்டான். யுராய்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டுப் போனான்.”