ஏழாவது தொழிலாளி

கும்மிடிப்பூண்டி இரும்பாலைத் தூசு பற்றி இதுவரை வந்த ஆய்வுகளை ஏஐயிடம் கொடுத்துத் தொகுக்கச் சொல்லி, தன் பிஎச்.டி.யின் ஆறு மாத வேலையை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள் பிரின்சி.

அது எழுதித் தந்ததில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நீக்கினாள்: 'நுரையீரல் கெட்டது தெரியும். மகள் பிஎச்.டி. முடிக்கும்வரை வேலைக்குப் போயாக வேண்டும். அவளுக்குச் சொல்லாதீர்கள் என்றார் ஏழாவது தொழிலாளி.'

"ஏஐ சினிமா கதை உடுது மேடம்," என்று அதைப் போனில் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

"இல்லம்மா, அந்தக் கட்டுரை என் கையிலயே இருக்கு," என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. "போன வருஷம் உங்க ஏரியாவுல எடுத்த பேட்டி."

பிரின்சியின் சிரிப்பு நின்றது.

உள்ளே இருமல் சத்தம். இரும்பாலை ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா யேசுதாஸ் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, படிப்பு முடிய இன்னும் எத்தினி மாசம் ஆவும்?"