செவ்வாய்க்கிழமை விசில்

இன்சுலின் அத்தனையும் உறைந்துபோயிருந்தது.

தொற்றுக் காலத்தில் அடிக்கடி வர வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் மொத்தமாகக் கொடுத்தது. செவேரோ அதைக் கொண்டுபோய் ஃப்ரீசரில், மீனுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்.

"இன்சுலின் கெடாம இருக்கட்டும்னுதானே ஃப்ரீசர்ல வச்சேன்!" காலையிலேயே கத்தினார்.

"ஊரைக் கூட்டாதீங்க. உறைஞ்ச மருந்து உதவாது" என்றாள் மனைவி லெயோனோர்.

பழைய குப்பி நேற்றே காலி. வாந்தி, அடங்காத தாகம். அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. மதியம்வரை ஆஸ்பத்திரிக்கு போன் அடித்தார். எவனும் எடுக்கவில்லை.

"நானே போறேன்."

"இன்னைக்குச் செவ்வாய். பொம்பளைங்க நாள்."

லிமாவில் அப்போது அதுதான் சட்டம். ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள். நாள் மாறி வெளியே வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"சட்டம் கிடக்கு!" மருந்துச்சீட்டோடு இறங்கினார்.

கீழ்வீட்டு ஜன்னலில் எமெலினா. கட்டடத்துக்கே விசில்காரி. எவன் முகக்கவசம் மூக்கை விட்டு இறங்கினாலும் ஊதுவாள். ஆணை 'டோன்', பெண்ணை 'டோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிடுவது ஊர் வழக்கம்; செவேரோ அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"என்ன டோன் செவேரோ, பாவாடை கட்ட மறந்துட்டீங்களா? இன்னைக்கு எங்க நாள்!"

"வாயை மூடு, விசில்காரி! மேல அவ செத்துக்கிட்டிருக்கா!"

பதிலுக்கு நீளமாக ஊதினாள். தெருமுனையிலிருந்து ரோந்து ஜீப் பாய்ந்து வந்தது. போலீஸ்காரன் இவரை அள்ளிப் பின்னால் போட்டான்.

"நாசமாப் போவ!" ஜன்னலைப் பார்த்துக் கூவினார்.

"தம்பி, மருந்தை வாங்கிக் குடுத்துட்டு வரேன். அப்புறம் உள்ள போடு!" வழியெல்லாம் கெஞ்சினார். இரைச்சலில் அவன் திரும்பவே இல்லை.

வண்டி நின்றது. ஸ்டேஷன் இல்லை, ஆஸ்பத்திரி வாசல்.

"ஓடுங்க பெரியவரே. வாங்கிட்டு வாங்க, வீட்டுல விடறோம்."

"உனக்கு எப்படி...?"

"ஒரு அம்மா போன் பண்ணாங்க. நீங்க கத்துனது கீழ கேட்டுச்சாம். பக்கத்து மருந்துக்கடை எல்லாம் ஏறி இறங்கிட்டாங்களாம், எங்கயும் இல்லையாம். 'ஆஸ்பத்திரி தூரம், பஸ்ஸும் இல்ல. நான் சொன்னா அந்த மனுஷன் கேக்கமாட்டாரு. வெளிய வந்ததும் ஊதறேன், தூக்கிட்டுப் போயிடுங்க'ன்னாங்க."

சாயங்காலம் லெயோனோருக்குக் கண் தெளிந்தது.

"போலீஸ்காரங்களா வாங்கிக் குடுத்தாங்க?"

செவேரோ ஜன்னல் வழியே கீழே பார்த்தார். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இல்ல. டோன்யா எமெலினா."