குழாய் சொன்ன பெயர்

ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும், அதில் கரைந்திருப்பது யாருடைய அழுக்கு என்று முதலில் ஒரு குரல் சொல்லும், பிறகுதான் தண்ணீர் வரும். சட்டம் அப்படி. துளசிமணிக்கு அது காலைச் செய்தி மாதிரி. அவள் கணவர், சாயப்பட்டறை முதலாளி கவின்ராஜுக்குத்தான் பொறுக்கவில்லை.

"கண்டவன் அழுக்கை நான் எதுக்குக் குடிக்கோணும்?"

ஊரைவிட்டுத் தள்ளி, கரட்டு மேட்டில் வீடு கட்டி ஆயிரத்து இருநூறு அடிக்கு போர் போட்டார். நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்குமாக மோட்டார் ஓயாமல் ஓடியது. எட்டு வருடம் குழாய் யார் பெயரையும் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை தொண்டையைச் செருமியது.

"அனுப்புநர், கவின்ராஜ் சாயப்பட்டறை. வறண்ட போர்க்குழியில் ஊற்றியது. பயணக் காலம் பத்தொன்பது ஆண்டுகள்."

குழாய் பழுதென்று ஆய்வாளர் ரெஹானாவை வரவழைத்தார். "பட்டறை பள்ளத்துல இருக்குது. தண்ணி மேட்டுக்கு ஏறுமாம்மா?"

"மேடு பள்ளமெல்லாம் நமக்குத்தான் சார். அடியில விரிசல் விட்ட பாறை, இழுக்கற பக்கம் தண்ணி வரும். சும்மா விட்டிருந்தா அது பாட்டுக்கு ஆத்துப் பக்கம் போயிருக்கும். நீங்கதான் மோட்டார் போட்டு இழுத்துட்டு வந்திருக்கீங்க."

ரெஹானா போனதும் துளசிமணி ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினாள். அந்தக் காலத்தில் பட்டறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மயில்கழுத்து நீலம், லேசாகத் தெரிந்தது.

"குடிங்க. கண்டவன் அழுக்கில்லீங்க, நம்மளுதுதான்."